ஒரே விண்டோல டீம் தலையெழுத்து மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஃபுட்பால் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தேன், வந்த லெட்டர்ல முக்காவாசி டிரான்ஸ்ஃபர் பத்தி தான். ஆகஸ்ட் மாசம் வேற, கூடலூர் பந்தலூர் பக்கம் மழை விடாம ஊத்துது, கிரவுண்டெல்லாம் நாத்து நட்ட வயல் மாதிரி கெடக்கு, பசங்களுக்கு விளையாட வழியில்ல, அதனால யார் எந்த க்ளப்புக்குப் போறாங்கன்னு போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. சரி, இந்த இதழ் முழுக்க அதையே பேசிடலாம்.

டிரான்ஸ்ஃபர் விண்டோன்னா என்னங்க சார்? என் பையன் சாப்பாட்டைக் கூட மறந்துட்டு அதையே பாக்குறான், திட்டுறதா வேண்டாமான்னு தெரியல.
– ஒரு அம்மா, கூடலூர்

திட்டாதீங்கம்மா. ஒரு க்ளப்ல இருக்குற பிளேயரை இன்னொரு க்ளப் காசு குடுத்து வாங்கணும்னா வருஷத்துல ரெண்டே தடவை தான் கதவு திறக்கும், சீசன் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குற சமயத்துல ஒரு தடவை, அதிகபட்சம் 12 வாரம், அப்புறம் சீசன் நடுவுல ஒரு மாசம், இங்கிலாந்துல அது ஜனவரி. ஃபிஃபா இதை உலகம் பூரா கட்டாயமாக்குனது 2002-03 சீசன்லேருந்து. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல சீசன் ஓடிட்டு இருக்கும்போதே மார்ச் மாசக் கடைசி வரைக்கும் வாங்கலாம் விக்கலாம். எரிக் கான்டோனா லீட்ஸை விட்டு மான்செஸ்டர் யுனைடெட் போனது 1992 நவம்பர்ல, வெறும் 12 லட்சம் பவுண்டுக்கு, அந்த சீசனே யுனைடெட் 26 வருஷம் கழிச்சு லீக் ஜெயிச்சாங்க. இப்போ இருக்குற ரூல் அன்னைக்கு இருந்திருந்தா நவம்பர்ல அவரை வாங்கியிருக்கவே முடியாது, ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும். அதனால தான் உங்க பையன் சாப்பாட்டை மறக்குறான், கதவு சாத்துறதுக்குள்ள நம்ம டீம்ல இருக்குற ஓட்டையை அடைச்சிடுவாங்களான்ற தவிப்பு அது.

ஒரே ஒரு விண்டோ, அதுலயே ஒரு க்ளப்போட கதை மொத்தமா மாறிடுச்சுன்னு சொல்லணும்னா நீங்க எதைச் சொல்வீங்க?
– வாசகர், குன்னூர்

யோசிக்காம சொல்வேன், இங்கிலாந்து க்ளப் நியூகாசில், 2022 ஜனவரி.

அப்போ அவங்க நிலைமை என்னன்னு பாருங்க. சீசன் தொடங்கி முதல் 14 மேட்ச்ல ஒண்ணு கூட ஜெயிக்கல. பிரீமியர் லீக்ல அப்படி ஆரம்பிச்ச எந்த டீமும் அதுவரைக்கும் தப்பிச்சதே கிடையாது, எல்லாம் கீழ் டிவிஷனுக்கு இறங்கித்தான் போயிருக்கு. அக்டோபர்ல சவூதி அரேபியாவோட பொது முதலீட்டு நிதி க்ளப்பை வாங்குச்சு, நவம்பர்ல எடி ஹோ கோச்சா வந்தாரு, அதுக்கப்புறமும் ஜனவரி பாதி வரைக்கும் 20 மேட்ச் ஆடி ஒரே ஒரு வெற்றி தான், நடுவுல எஃப்.ஏ. கப்ல கேம்பிரிட்ஜ் யுனைடெட்னு ரெண்டு டிவிஷன் கீழ இருக்குற டீம் கிட்ட சொந்த கிரவுண்டுலயே தோத்தாங்க. கையில பணம் கொட்டிக் கெடக்கு, எம்பாப்பே வருவாரு அவரு வருவாரு இவரு வருவாருன்னு ஊரெல்லாம் பேச்சு. அவங்க யாரை வாங்குனாங்க? வலது பக்கம் நின்னு தடுக்குற ரைட் பேக், 31 வயசு கீரன் ட்ரிப்பியர், 1.2 கோடி பவுண்டு. பிரைட்டன்ல ஆடிட்டிருந்த உசரமான டிஃபெண்டர் டான் பர்ன். லெஃப்ட் பேக்குக்கு மேட் டார்கெட், அதுவும் ஆஸ்டன் வில்லாகிட்ட கடனா. பர்ன்லியோட ஸ்ட்ரைக்கர் கிறிஸ் வுட். நடுவுல ஆட பிரேசில்காரர் புரூனோ கிமரைஸ், இருக்குறதுலயே அவரு தான் பெரிய விலை.

பின்னாடி நின்னு தடுக்குற நாலு பேர்ல மூணு பேர் புதுசு, அதை கவனிங்க. கோல் வாங்கிட்டே இருந்த டீம், அதனால கோல் விழுற எடத்தைத் தான் முதல்ல சரி பண்ணாங்க. கிறிஸ் வுட் அந்த அரை சீசன்ல பெருசா கோல் அடிக்கல, உண்மை தான், ஆனா அவரை இழந்த பர்ன்லி கீழ் டிவிஷனுக்கு இறங்காம தப்பிக்குற அதே சண்டைல இருந்த டீம், கடைசில கீழ இறங்குன மூணு பேர்ல அவங்களும் ஒண்ணு. ட்ரிப்பியர் பிப்ரவரில எவர்ட்டனுக்கு எதிரா ஃப்ரீ கிக்ல ஒரு கோல், அடுத்த மேட்ச்லயே ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரா இன்னொரு ஃப்ரீ கிக் கோல் போட்டாரு, அந்த மேட்ச்லயே கால் எலும்பு உடைஞ்சு வெளிய போனாரு. அவரு போனாலும் டீம் சாயல, பழைய பிளேயர்ஸுக்கே தைரியம் வந்துடுச்சு. ஸ்ட்ரைக்கரா வந்து கோல் அடிக்காம திட்டு வாங்கிட்டு இருந்த ஜோலின்டனை ஹோ நடுவுல இறக்கி வேற ஆளாவே மாத்திட்டாரு. கடைசி 18 மேட்ச்ல 12 வெற்றி, 49 பாயின்ட், 11வது இடம். அடுத்த சீசன் 4வது, அதனால ஐரோப்பாவோட பெரிய க்ளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல இடம்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது டான் பர்ன் கதை தான். அந்தப் பக்கத்து ஊர்ல பொறந்து நியூகாசில் ரசிகனாவே வளர்ந்த பையன், 11 வயசுல அந்த க்ளப்போட அகாடமியே வேண்டாம்னு அனுப்பிடுச்சு, எங்கெங்கயோ ஆடி 29 வயசுல திரும்பி வர்றாரு. 2025 மார்ச்ல வெம்பிளில லீக் கப் ஃபைனல், எதிர்ல லிவர்பூல், ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கார்னர், அடிச்சது ட்ரிப்பியர், எல்லாரும் கோல் வாசல்ல நெருக்கியடிச்சு நிக்க இவரு மட்டும் தள்ளி நின்னு தலையால இடிச்சாரு பாருங்க, பந்து கோல் மூலைல போய் விழுந்துச்சு. கடைசில 2-1ன்னு நியூகாசில் ஜெயிச்சாங்க, உள்நாட்டுக் கோப்பை 70 வருஷம் கழிச்சு. கார்னர் அடிச்சவரு, தலையால அடிச்சவரு, கோப்பையைத் தூக்குன கேப்டன் புரூனோ, மூணு பேருமே அந்த ஒரே ஜனவரில வந்தவங்க.

விண்டோ சாத்துற கடைசி நாள், அதான் டெட்லைன் டே, அன்னைக்கு ராத்திரி முழிச்சிருந்து பாக்குறதுல ஏதாச்சும் பிரயோஜனம் இருக்காண்ணே?
– காலேஜ் மாணவர், ஊட்டி

2015 ஆகஸ்ட் 31 முழிச்சிருந்தவன் தம்பி நான். மான்செஸ்டர் யுனைடெட் கோலி, அதாவது கோல் கீப்பர், டி கேயா ரியல் மாட்ரிட் போறாரு, அங்கேருந்து கெய்லர் நவாஸ் இங்க வர்றாரு, பேச்செல்லாம் முடிஞ்சு பேப்பர் மட்டும் பாக்கி. ஸ்பெயின்ல நடுராத்திரி கதவு சாத்தணும், நம்ம நேரத்துக்கு விடியக்காலை மூன்றரை. பேப்பர் நேரத்துக்குப் போய்ச் சேரல, டீல் கேன்சல். போகப் பெட்டி கட்டுன நவாஸ் மாட்ரிட்லயே நின்னாரு, அடுத்தடுத்து 2016, 2017, 2018 மூணு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்லயும் கோல்ல நின்னது அவரு தான், மூணும் ஜெயிச்சாங்க. நடக்காத டிரான்ஸ்ஃபரும் ஒரு டீமைக் காப்பாத்தும்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும். முழிச்சிருங்க, ஆனா மறுநாள் பரீட்சை இருந்தா வேண்டாம்.

லிவர்பூல் ரசிகனா கேக்குறேன் சார். எங்க டீமை மாத்துனது வான் டைக்கா அலிசனா? வீட்ல தம்பிக்கும் எனக்கும் தீராத சண்டை.
– வாசகர், பந்தலூர்

ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க, ஒருத்தர் பாதி வேலை, இன்னொருத்தர் மீதி வேலை.

2018 ஜனவரில சவுத்தாம்ப்டன்லேருந்து வான் டைக் 7.5 கோடி பவுண்டுக்கு வந்தாரு, அப்போ ஒரு டிஃபெண்டருக்கு உலகத்துலயே அதான் பெரிய விலை, ஒரு பேக்குக்கு இவ்ளோவான்னு எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. அதே மாசம் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு வித்தாங்க. பந்தை வச்சு வித்தை காட்டுற ஆளைக் குடுத்துட்டு பந்தைத் தடுக்குற ஆளை வாங்குறாங்களேன்னு அன்னைக்கு எனக்கே வருத்தமா இருந்துச்சு, நான் நினைச்சது தப்பு. அந்த மே மாசமே சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், கீவ் நகரத்துல, ரியல் மாட்ரிட் கிட்ட 3-1 தோல்வி, கோலி காரியஸ் பண்ண தப்புலயே ரெண்டு கோல். ஓட்டை எங்கன்னு குருடனுக்கும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டே மாசத்துல ரோமாலேருந்து அலிசன்.

2017-18ல லீக்ல வாங்குன கோல் 38, அடுத்த சீசன் 22. உங்க தம்பி அலிசன் கட்சின்னா அவருக்கு ஒரு பாயின்ட் குடுக்குறேன், 2018 டிசம்பர்ல சாம்பியன்ஸ் லீக்ல நாப்போலி மேட்ச் ஞாபகம் இருக்கும். 1-0ல லிவர்பூல் முன்னாடி, இஞ்சுரி டைம் ஓடுது, ஒரு கோல் விழுந்தா குரூப்லயே வெளிய. மிலிக் கோலுக்கு முன்னாடி தனியா நிக்கிறாரு, பந்து காலுக்கே வந்துடுச்சு, அலிசன் ஓடி வந்து உடம்பை விரிச்சுப் போட்டு அடைச்சாரு. அந்த ஒரு சேவ் இல்லேன்னா 2019 ஜூன் 1ல மாட்ரிட்ல கோப்பை தூக்குற படமே இல்ல. அதுக்கப்புறம் 2019-20ல 30 வருஷம் கழிச்சு லீக். ஆனா அந்த சேவ் சீசன்ல அத்தனை முக்கியமாச்சுன்னா மத்த மேட்ச்ல எல்லாம் அவரு கிட்ட பந்தே வராம வான் டைக் பாத்துக்கிட்டதால தான், இது உங்களுக்கு ஒரு பாயின்ட்.

பணக்கார க்ளப் பேச்சே பேசுறீங்க. காசில்லாதவங்க என்ன பண்ணுவாங்க?
– வாசகர், கோத்தகிரி

நியாயமான கேள்வி. லெஸ்டர் 2015. அதுக்கு முந்தின சீசன் ஏப்ரல் வரைக்கும் கடைசி இடத்துல கெடந்து கடைசி 9 மேட்ச்ல 7 ஜெயிச்சு உசுரு பொழைச்ச டீம். அந்த சம்மர்ல பிரான்ஸ்ல கான்னு ஒரு சின்ன க்ளப்லேருந்து கான்டேவை சுமார் 56 லட்சம் பவுண்டுக்கு எடுத்தாங்க, வெளிய யாருக்கும் பெருசா பேர் தெரியாது, குட்டையான ஆளு, வாயைத் தொறந்து சத்தமா பேசக்கூட மாட்டாரு. ஜெர்மனிலேருந்து ஃபுக்ஸ் காசே இல்லாம வந்தாரு, ஒகாசாகி வந்தாரு. ஏற்கனவே இருந்த மாரெஸ் 2014 ஜனவரில சுமார் 4 லட்சம் பவுண்டு, வார்டி 2012ல லீக்குக்கு வெளிய இருந்த டீம்லேருந்து 10 லட்சம். ரனியெரி கோச். 5000க்கு 1ன்னு பந்தயம் போட்டாங்க இவங்க மேல, 81 பாயின்டோட சாம்பியன் ஆனாங்க.

எதிரி கிட்டேருந்து பந்தைப் பறிக்க ஒரு ஆளு, பறிச்ச பந்தை முன்னாடி அனுப்ப மாரெஸ், ஓடிப் புடிச்சு அடிக்க வார்டி. மாரெஸும் வார்டியும் ஏற்கனவே இருந்தாங்க, பந்தைப் பறிக்குற ஆளு தான் இல்லாம இருந்துச்சு, அது தான் கான்டே. அடுத்த வருஷம் கான்டேவை செல்சி வாங்குனாங்க, செல்சி சாம்பியன், லெஸ்டர் 12வது, ரனியெரியை பிப்ரவரிலயே அனுப்பிட்டாங்க. காசு கம்மியா இருக்குறவங்களுக்கு நல்ல ஆளைக் கண்டுபுடிக்கிறது ஒரு கஷ்டம்னா அவரைக் கையில வச்சிக்கிறது அதை விடப் பெரிய கஷ்டம்.

நிறைய வாங்குனா நல்லது தானே, ஒருத்தர் இல்லேன்னா ஒருத்தர் ஆடுவாங்கல்ல?
– வாசகர், அருவங்காடு

ஆட மாட்டாங்க. 2013ல டாட்டன்ஹாம் பேலை 8.5 கோடி பவுண்டுக்கு வித்து அந்தக் காசுல ஒரே சம்மர்ல 7 பேரை வாங்குனாங்க, டிசம்பர்ல சொந்த கிரவுண்டுல லிவர்பூல் கிட்ட 5-0, மறுநாளே கோச்சுக்கு வேலை போச்சு. அந்த ஏழு பேர்ல எரிக்சன் பின்னாடி அற்புதமா ஆடுனாரு, ஆனா அந்த சீசன் 6வது தான். 2018ல ஃபுல்ஹாம் மேல ஏறி வந்த உடனே 10 கோடி பவுண்டுக்கு மேல செலவு பண்ணி அதே சீசன் கீழ இறங்குனாங்க. ஏழு பேர் ஒரே நாள்ல வந்தா யாரு எங்க ஓடுவான்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியவே அஞ்சு மாசம் ஆகும், லீக் அதுவரைக்கும் நிக்குமா.

எல்லாம் வெளிநாட்டுக் கதையா இருக்கு. நம்ம பக்கம் இப்படி ஏதும் நடந்திருக்கா?
– வாசகர், மேல்குன்னூர்

நடந்திருக்குங்க, அதுவும் நம்ம மலையடிவாரத்துல. சென்னை சிட்டி எஃப்.சி., பேர் தான் சென்னை, சொந்த கிரவுண்டு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். இந்தியா பூரா இருக்குற க்ளப்புங்க ஆடுற ஐ-லீக்ல 2017-18 சீசன் 10 டீம்ல 8வது. 2018ல சிங்கப்பூர்லேருந்து அக்பர் நவாஸ்னு ஒரு கோச் வந்தாரு, ஸ்பெயின்லேருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவான்னு பேர் கேள்விப்படாத ஆளுங்களைக் கூட்டி வந்தாங்க, கூட எட்வின் மாதிரி நம்ம தமிழ்நாட்டுப் பசங்க. பந்தைத் தரையோட வச்சு சின்னச் சின்ன பாஸா ஆடுனாங்க, நெஸ்டர் குடுப்பாரு மான்சி அடிப்பாரு, மான்சி மட்டும் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாப். ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு பாயின்ட் பின்னாடி, அவங்க மேட்ச் அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் கூட. நம்ம மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு, அந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு, ரெண்டுலயும் சேந்து இந்தியாவோட சாம்பியன் யாருன்னு முடிவாகுது. நான் காலைலயே குன்னூர்லேருந்து பஸ் ஏறி பர்லியார் எறங்கி மேட்டுப்பாளையம் வழியா போனேன், ஸ்வெட்டரைக் கழட்டி மடில வச்சிக்கிட்டு அந்த வெயில்ல உக்காந்தேன். மூணாவது நிமிஷத்துலயே மினர்வா கோல். என் பக்கத்துல ஒரு பெரியவர் பேரனைக் கூட்டி வந்திருந்தாரு, பையன் அழுகுற நிலைமைல இருக்கான், அவரு அவன் முதுகுல தட்டிக்கிட்டே இருக்காரு, ஹாஃப் டைம் வரைக்கும் கை நிக்கல. அப்புறம் பெனால்டி, மான்சி போட்டாரு. அடுத்து டிஃபெண்டர் கௌரவ் போரா ஒண்ணு. கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் கடைசில 2-1ன்னு ஜெயிக்குறாங்க, அதனால இங்க ஒரு கோல் திரும்ப விழுந்தா எல்லாம் போச்சு, இஞ்சுரி டைம்ல போராவே இன்னொண்ணு அடிச்சு 3-1ன்னு முடிச்சு வச்சாரு. பாயின்ட் நமக்கு 43, அவங்களுக்கு 42. பெரியவர் எழுந்திரிக்கவே இல்ல, பேரன் அவரு தோள்ல ஏறி நின்னுட்டான்.

அப்புறம் நடந்ததையும் சொல்லணும், மனசு வலிக்குது ஆனா சொல்லணும். வந்தவங்க ஒவ்வொருத்தரா போனாங்க, நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, மான்சி 2020 ஜனவரில ஜப்பானுக்கு. 2021-22 சீசன்ல ஐ-லீக்ல அந்த க்ளப் பேரே இல்ல. ஒரு விண்டோல வந்த வாழ்வு ரெண்டு மூணு விண்டோல போயிடுச்சு. ஆனாலும் தமிழ்நாட்டுக்கு ஐ-லீக் கோப்பையைக் கொண்டு வந்தது அவங்க தான், அதை யாரும் எடுத்துக்க முடியாது.

எங்க ஊர் டீமுக்கு இந்த சீசன் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) டோர்னமென்ட்டுக்கு நிலம்பூர் பக்கத்துலேருந்து மூணு கெஸ்ட் பிளேயரை இறக்கலாம்னு கமிட்டில பேச்சு. வசூல் பண்ணா காசு தேறும். உள்ளூர்ப் பசங்க மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. என்ன பண்ணலாம் அண்ணே?
– டீம் செக்ரட்டரி, எருமாடு

தம்பி, நான் எஸ்டேட் டீம்ல பேக் ஆடுன காலத்துல இதே தான் நடந்துச்சு. ஒரு வருஷம் லைன் வீடு லைன் வீடா வசூல் பண்ணி வெளியூர்லேருந்து ஒரு ஸ்ட்ரைக்கரைக் கூட்டி வந்தோம், பிரமாதமான ஆளு, முதல் மேட்ச்லயே ரெண்டு கோல் போட்டாரு. நாங்க அஞ்சு வாங்குனோம். அஞ்சுல நாலு கார்னர். அவரு மேல தப்பே இல்ல, நாங்க தான் ஓட்டை ஒரு பக்கம் இருக்க வேற பக்கம் ஓடு மாத்துனோம்.

அடுத்த வருஷம் பக்கத்து எஸ்டேட் தேயிலை ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் பாக்குற ஒருத்தரைக் கோலியாக் கேட்டோம். பஸ் காசும் ராத்திரி சாப்பாடும் போதும்னாரு. பிராக்டீஸுக்கு ஷிஃப்ட் முடிச்சு நேரா வருவாரு, சட்டைல தூள் வாசனை அப்படியே இருக்கும். மேட்ச் அன்னைக்கு ரெண்டாவது பாதில மேகம் எறங்கிடுச்சு, எங்க கோல்லேருந்து அந்தக் கோல் போஸ்ட் தெரியல, நடுவுல நிக்கிற ஆளே நிழலா தான் தெரியுறான். அவரு நிறுத்தாம ஒவ்வொருத்தன் பேரா சொல்லிக் கத்திக்கிட்டே இருந்தாரு, இடது வா, உன் பின்னாடி ஆளு, விடு நான் எடுக்கிறேன்னு. கண்ணை மூடிட்டு ஆடுனாலும் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுது. அந்த டோர்னமென்ட்ல ஃபைனல் வரைக்கும் போனோம், பெனால்டில தோத்தோம்.

அதனால நீங்க கமிட்டியைக் கூட்டுங்க, உள்ளூர்ப் பசங்களையும் அதே ரூம்ல உக்கார வைங்க. போன சீசன் நம்ம டீம் வாங்குன கோல் ஒவ்வொண்ணும் எப்படி விழுந்துச்சுன்னு ஞாபகம் பண்ணி ஒரு பேப்பர்ல எழுதுங்க, கார்னரா, லாங் ஷாட்டா, இடது பக்கமா, கடைசி பத்து நிமிஷம் மூச்சு வாங்குனதாலயா. எந்த எடம் திரும்பத் திரும்ப வருதோ அந்த எடத்துக்கு ஒரே ஒரு கெஸ்ட், மூணு வேண்டாம். அவரை மேட்ச் அன்னைக்குக் காலைல ஜீப்ல எறக்காம ரெண்டு நாள் முன்னாடியே வரச் சொல்லுங்க, பசங்க வீட்லயே தங்கட்டும், பேராச்சும் பழகட்டும். மீதிக் காசுக்கு பசங்களுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிடுங்க, ஈரக் கிரவுண்டுல வழுக்கி விழுந்தே பாதி கோல் வாங்கியிருப்பீங்க. எழுதுன பேப்பரை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, அடுத்த இதழுக்குள்ள பாத்துட்டு எந்த எடம்னு சேந்தே முடிவு பண்ணலாம்.